நாலரை மணி நேரம் நல்ல நேரமா?

முதல் மராத்தானை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை அலுவலகம் போகிறவரிடம் இரண்டு கேள்விகள் வரும். "எத்தனை கிலோமீட்டர் சார்?" என்பது முதலாவது. 42 என்றதும் கேட்டவரின் புருவம் உயரும். "எவ்வளவு நேரத்துல முடிச்சீங்க?" என்பது அடுத்தது. "நாலரை மணி நேரம்" என்ற பதிலைக் கேட்டு வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா என்று அவருக்குப் புரியாது. சொன்னவருக்கும் புரியாது. அன்று இரவே கைபேசியை எடுத்துத் தேடத் தொடங்குவார்: உலக சராசரி எவ்வளவு, என் வயதுக்காரர்கள் எப்படி ஓடுகிறார்கள், பாஸ்டன் மராத்தானுக்குத் தகுதி பெற எவ்வளவு வேண்டும்? கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

பரிசுக்காக ஓடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. முன்னால் ஓடியவரையும் பின்னால் வந்தவரையும் பார்த்தால் போதும். வேலை, குடும்பம், வாரக் கடைசி லாங் ரன் என்று ஓடுகிற பொழுதுபோக்கு ஓட்டக்காரருக்குத்தான் ஒப்பீடு தலைவலி. இந்த ஒப்பீடுகளுக்காக உருவான அளவுகோல்கள் பல. அவற்றில் பாதி, ஓடியவரின் திறனைவிட அவரோடு அன்று யார் யார் ஓட வந்தார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன என்பது என் கருத்து.

சராசரியிலிருந்தே தொடங்கலாம். 2019ல் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் யாக்கோப் ஆண்டர்சன், சர்வதேசத் தடகளச் சம்மேளனத்துடன் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். 1986 முதல் 2018 வரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகளில் பதிவான பத்துக் கோடிக்கும் அதிகமான முடிவுகளைத் திரட்டிய அறிக்கை அது. 1986ல் மராத்தானின் சராசரி நேரம் 3:52:35. 2018ல் 4:32:49. அதாவது கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடமாக இருந்த பேஸ் ஆறு நிமிடம் 28 விநாடியாக இறங்கிவிட்டது. முப்பது ஆண்டில் நாற்பது நிமிடம். செய்தித்தாள்கள் உடனே "உலகம் மந்தமாகிவிட்டது" என்ற தொனியில் எழுதின.

அறிக்கையின் மற்ற பக்கங்களையும் சேர்த்துப் படித்தால் வேறு கதை தெரியும். அதே முப்பது ஆண்டில் ஓடுகிறவர்களின் சராசரி வயது 35லிருந்து 39க்கு ஏறியது. பெண்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இருந்து பாதியைத் தொட்டது. 1986ல் மராத்தான் ஓட வந்தவர் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி நாளிலிருந்தே தடகளத்தில் இருந்த ஆண். 2018ல் வந்தவர்களில் சர்க்கரை வந்துவிட்டதே என்று ஓடத் தொடங்கிய ஐம்பது வயதுக்காரர் உண்டு, புற்றுநோய் நிதிக்காக ஓடுகிறவர் உண்டு, தோழியோடு பேசிக்கொண்டே முடிக்கிறவர் உண்டு. வேகமாக ஓடுகிறவர்கள் காணாமல் போகவில்லை. அவர்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை ஒன்று வந்து சேர்ந்துகொண்டது.

நியூயார்க் இதற்கு நல்ல சாட்சி. 1970ல் அங்கே முதல் மராத்தான் சென்ட்ரல் பார்க்குக்குள்ளேயே நடந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். 127 பேர் தொடங்கி 55 பேர் முடித்தார்கள். தொடங்கியவர்களில் ஒரே ஒரு பெண், அவரும் உடல்நலம் குன்றிப் பாதியில் நின்றுவிட்டார். அந்த 55 பேரின் சராசரியையும் இன்று ஐம்பதாயிரம் பேர் ஓடும் நியூயார்க்கின் சராசரியையும் பக்கத்தில் வைத்து மனித குலத்தின் வேகம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது கணக்கே அல்ல. வெயிலில் பாதிக்கு மேற்பட்டோர் விலகும் போட்டியில் சராசரி அழகாகத்தான் இருக்கும். முடிக்காதவர்களின் நேரம் பட்டியலிலேயே ஏறாதே! எந்தச் சராசரியைப் பார்த்தாலும், எத்தனை பேர் தொடங்கினார்கள், கட்-ஆஃப் எத்தனை மணி நேரம் என்று கேட்பது நல்லது. ஐந்து மணி நேரத்தில் சாலையைத் திறந்துவிடும் போட்டியும் எட்டு மணி நேரம் காத்திருக்கும் போட்டியும் ஒரே சராசரியைத் தரமாட்டா.

சராசரியில் இன்னொரு கோளாறும் உண்டு. மராத்தான் நேரங்களுக்கு ஒருபக்கம் சுவர், மறுபக்கம் திறந்த வெளி. கெல்வின் கிப்டும் 2023ல் சிகாகோவில் ஓடிய 2:00:35 போன்ற நேரத்துக்கு முன்னால் போக யாருக்கும் அநேகமாக இடமில்லை. பின்னால் ஏழு, எட்டு மணி வரை இடமிருக்கிறது. அந்த நீண்ட வால் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடும். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் நேரத்தை எடுத்தால் அது சராசரியைவிடச் சில நிமிடம் வேகமாக இருக்கும். "சராசரியைவிட வேகமாக ஓடினேன்" என்று சொல்லிக்கொள்ளும் தகுதி பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்டு என்பது ஒரு வகையில் மகிழ்ச்சியான செய்திதான்.

அடுத்த அளவுகோல் வயது. இதில்தான் பெரிய வேலை நடந்திருக்கிறது. மூத்தோர் தடகளத்தினர் 1989ல் வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்திய வயதுவாரி அட்டவணைகள் ஒவ்வொரு வயதுக்கும் பாலுக்கும் ஓர் உச்ச நேரத்தை வைக்கின்றன. அந்த வயதில் மனிதரால் எட்ட முடிந்ததற்கு மிக அருகில் உள்ள நேரம் அது. அதை உங்கள் நேரத்தால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். 60ஐத் தாண்டினால் உள்ளூர்த் தரம், 70 என்றால் மாநில அளவு, 80 தேசிய அளவு, 90 உலக அளவு என்று ஒரு வழக்கமான வாய்ப்பாடும் உண்டு. நம் அலுவலக நண்பரின் நாலரை மணி நேரத்தை இதில் போட்டுப் பார்க்கலாம். அவருக்கு முப்பது வயது என்றால் 45 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதே நேரத்தை அறுபது வயது ஆண் ஓடினால் 55ஐத் தாண்டும். அறுபது வயதுப் பெண் ஓடினால் 60ஐத் தாண்டிவிடும். ஒரே கடிகார நேரம், மூன்று வெவ்வேறு மதிப்பெண்.

வயதுக்கு என்ன சலுகை தரலாம் என்பதையும் சிலர் தங்கள் காலாலேயே மாற்றி எழுதியிருக்கிறார்கள். கனடாவின் எட் விட்லாக் 2004ல் தன் 73ஆம் வயதில் டொரன்டோவில் ஓடிய நேரம் 2:54:48. 2026 பாஸ்டன் போட்டிக்கு 18 முதல் 34 வயது வரையான ஆண்களுக்கு வைக்கப்பட்ட தகுதி நேரம் 2:55:00. தாத்தா வயதில் ஒருவர் இளைஞர்களின் கோட்டை 12 விநாடி மிச்சத்தில் தாண்டியிருப்பார். 85 வயதிலும் அவர் நாலு மணி நேரத்துக்குள் ஓடினார். ஜப்பானின் மாரிகோ யுகேதா 2019ல் 61 வயதில் 2:59:15 ஓடி, மூன்று மணி நேரத்துக்குள் ஓடிய அறுபதைக் கடந்த முதல் பெண் ஆனார். வயதான பெண்களுக்கான அட்டவணை எண்கள் அடிக்கடி திருத்தப்பட்டதற்குக் காரணம் இதுதான். முன்பு அந்த வயதில் போட்டிக்கு வந்த பெண்கள் குறைவு. அவர்களை வைத்துப் போட்ட உச்ச நேரமும் தளர்வாக இருந்தது.

உச்ச வீரர்களை விட்டுவிட்டுச் சாதாரண ஓட்டக்காரர்களைப் பார்த்தால் வயது பயமுறுத்தும் அளவுக்குக் கடுமையாக இல்லை. கொலோனில் உள்ள ஜெர்மன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் டீட்டர் லைக் குழுவினர் மூன்று லட்சம் மராத்தான், அரை மராத்தான் நேரங்களை ஆராய்ந்தபோது இருபது வயதுக்காரருக்கும் நாற்பத்தொன்பது வயதுக்காரருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு 2.6 முதல் 4.4 சதவீதம் வரைதான் சரிவு. இங்கும் யார் வந்தார்கள் என்ற கேள்வி உண்டு: ஐம்பத்தைந்து வயதில் மராத்தானுக்கு வந்து நிற்பவர் அவர் தெருவிலேயே வித்தியாசமான மனிதர். ஆனால் இருபத்தைந்து வயதுக்காரர் பயிற்சியில்லாமல் வந்து நிற்பதும் அடிக்கடி நடப்பதுதான். மொத்தத்தில் "வயசாயிடுச்சு, அதான் மெதுவா ஓடுறேன்" என்று நாற்பத்தைந்தில் சொல்பவரின் சாக்கு அந்தப் புள்ளிவிவரத்தில் எடுபடவில்லை.

பாஸ்டன் தகுதி நேரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்கிறவர்கள் நம் ஊரிலும் அதிகம். 'பிக்யூ' (பாஸ்டன் குவாலிஃபயர்) என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்காகவே நான்கைந்து ஆண்டு உழைப்பவர்கள் ஓட்டக் குழு ஒவ்வொன்றிலும் இருப்பார்கள். அதன் பிறப்பு நிர்வாக வசதிக்காக. கூட்டம் பெருகியதால் 1970ல், நாலு மணி நேரத்துக்குள் ஓடுவேன் என்று காட்டினால்தான் அனுமதி என்று விதி போட்டார்கள். இன்றும் அந்த எண் சாலையில் எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்பதைப் பொறுத்தே நகர்கிறது. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு, அறுபதுக்குட்பட்டவர்களின் தகுதி நேரத்தை ஐந்து நிமிடம் குறைத்தார்கள். அப்படியும் விண்ணப்பங்கள் மிஞ்சின. தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 34 விநாடி வேகமாக ஓடியவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது. விட்லாக்கின் 2:54:48 இளைஞர் பிரிவில் நிராகரிக்கப்பட்டிருக்கும்! மற்ற விண்ணப்பதாரர்கள் எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்து மாறும் எண்ணை உங்கள் உடலின் தரத்துக்குச் சான்றிதழாக வைத்துக்கொள்ள முடியாது.

ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட வேண்டுமானால் முடித்த நேரத்தைவிட ஓடிய விதத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவின் 14 மராத்தான்களில் 91,929 பேரின் நேரங்களை ராபர்ட் டீனரும் சக ஆய்வாளர்களும் 2015ல் அலசினார்கள். இரண்டாம் பாதியில் ஆண்களின் வேகம் சராசரியாக 15.6 சதவீதம் சரிந்தது. பெண்களுடையது 11.7 சதவீதம். பேரி ஸ்மித் 2021ல் வெளியிட்ட பெரிய ஆய்விலும் 'சுவரில் மோதுவது' என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் கடைசிக் கட்டச் சரிவு ஆண்களில் 28 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் நேர்ந்திருந்தது. உடலில் சேமித்த கிளைகோஜன் தீர்வது இருபாலருக்கும் பொதுவானது. பெண்களின் உடல் கொழுப்பைச் சற்றுக் கூடுதலாக எரிக்கிறது என்பது ஒரு விளக்கம். முதல் பத்துக் கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுகிறவரை முந்தியே ஆகவேண்டும் என்ற ஆண்களின் உந்துதலும் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலைக் குழு ஓட்டங்களைப் பார்த்தவர்கள் இந்த இரண்டாவது விளக்கத்தைத்தான் முதலில் நம்புவார்கள்.

முழு எண்களின் மேல் நமக்கிருக்கும் மோகத்தையும் பொருளாதார ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. எரிக் ஆலன், பெட்ரீஷியா டெக்கோ, டெவின் போப், ஜார்ஜ் வூ ஆகியோர் ஏறக்குறைய ஒரு கோடி மராத்தான் நேரங்களை வரைபடமாக்கினார்கள். சீரான மலை போலிருக்க வேண்டிய வரைபடத்தில் 3:00, 3:30, 4:00 ஆகிய எண்களுக்குச் சற்று முன்னால் கூர்மையான முட்டுகள், சற்றுப் பின்னால் பள்ளங்கள். 3:59இல் முடித்தவர்கள் அளவுக்கு மீறி அதிகம். 4:01இல் முடித்தவர்கள் குறைவு. நாற்பதாவது கிலோமீட்டரில் கைக்கடிகாரத்தைப் பார்த்து 'சப்-4 கைக்கெட்டும்' என்று தெரிந்தவர், அதுவரை இல்லாத வேகத்தை எங்கிருந்தோ வரவழைக்கிறார். 3:59:50க்கும் 4:00:10க்கும் உடல் அளவில் எந்த வேறுபாடும் இல்லை. வீட்டில் சொல்லும்போது மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

அரை மராத்தான் நேரத்தை வைத்து முழு மராத்தானைக் கணிக்கும் வழக்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பலரும் தங்களைப் பிறரோடு தவறாக ஒப்பிடத் தொடங்குவது இங்கேதான். இணையக் கணிப்பான்களில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977ல் முன்வைத்த ஒரு சூத்திரம். தூரம் கூடும்போது நேரம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, சற்றே அதிகமாகக் கூடும். அந்தச் சற்றே அதிகத்துக்கு அவர் வைத்த அடுக்கு 1.06. இரண்டு மணி நேரத்தில் அரை மராத்தான் ஓடுகிறவர் முழு மராத்தானை 4 மணி 10 நிமிடத்தில் முடிப்பார் என்று அது சொல்லும்.

ரீகல் தன் சூத்திரத்தைச் சாதனை நேரங்களிலிருந்து வடித்தார். சாதனை படைக்கிறவர்கள் வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்கள். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் புள்ளியியலாளராக இருக்கும் ஆண்ட்ரூ விக்கர்ஸும் எமிலி வெர்டோசிக்கும் 2,303 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் போட்டி நேரங்களையும் பயிற்சி விவரங்களையும் கேட்டு வாங்கி 2016ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐந்து கிலோமீட்டரிலிருந்து அரை மராத்தான் வரை ரீகல் சரியாகவே கணித்தார். முழு மராத்தான் என்று வந்ததும் தடுமாறினார். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கணிப்பு பத்து நிமிடமோ அதற்கு மேலோ வேகமாக இருந்தது. அதாவது 4:10 என்று கணிப்பான் காட்டிய இருவரில் ஒருவர் 4:20க்குப் பிறகுதான் முடிப்புக் கோட்டைத் தொடுவார். வார கிலோமீட்டரையும் சேர்த்துக் கணக்கிடும் புதிய சூத்திரம் ஒன்றை இருவரும் முன்வைத்தார்கள். அது இன்னும் பரவலாகவில்லை. பழைய சூத்திரம் சொல்லும் பதில் இனிப்பாக இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதன் விளைவை எந்தப் போட்டியிலும் முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் நின்றால் பார்க்கலாம். கணிப்பான் தந்த பேஸில் கிளம்பி, 4:10 பேஸரின் கொடியைப் பாதி தூரம்வரை விடாமல் பிடித்தவர்கள் அங்கே இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருப்பார்கள். தொடைத் தசை இழுத்துக்கொண்டு ஒருவர் சாலையோரத் தடுப்பைப் பிடித்து நிற்பார். ஸ்ப்ரே டப்பாவோடு தன்னார்வலர் ஓடிவருவார். 4:30 கொடி அவர்களைக் கடந்து நிதானமாகப் போகும். அவர்கள் மோசமான ஓட்டக்காரர்கள் அல்லர். வாரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடுகிறவரை நூறு கிலோமீட்டர் ஓடுகிறவரின் அடுக்குக்குறியால் அளந்ததில் வந்த கோளாறு.

அடுத்து ஊரும் வானிலையும். பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு மராத்தான்களில் பத்தாண்டுகள் ஓடிய ஏறக்குறைய 18 லட்சம் பேரின் நேரங்களைப் பிரான்ஸின் நூர் எல் ஹெலூ குழுவினர் 2012ல் ஆராய்ந்தனர். நேரத்தைத் தீர்மானித்த வானிலைக் காரணிகளில் வெப்பநிலையே முதலிடம் பெற்றது. வேகமாக ஓட ஏற்றவை ஒற்றை இலக்க டிகிரிகள். மேத்யூ இலி குழுவினரின் 2007 ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: வெப்பம் ஏற ஏற எல்லோரும் மெதுவாகிறார்கள், ஆனால் பின்னால் ஓடுகிறவர்கள் முன்னால் ஓடுகிறவர்களைவிட அதிகமாக. பின்னவர்கள் இரட்டிப்பு நேரம் சாலையில் இருக்கிறார்கள். சூரியன் ஏறிய பிறகும் ஓடுகிறார்கள்.

சென்னை மராத்தான் ஜனவரியில் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. அந்த நேரத்திலும் சென்னையின் சராசரி வெப்பநிலை 21 டிகிரியை ஒட்டி இருக்கும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை ஆவியாகாமல் சட்டையிலேயே தங்கும். ஆவியானால்தான் உடல் குளிரும். இல்லாவிட்டால் தோலைக் குளிர்விக்கக் கூடுதல் ரத்தத்தை அங்கே அனுப்பி, கால் தசைக்குப் போகவேண்டியதை இதயம் குறைக்கும். அதே பேஸுக்கு நாடித்துடிப்பு பத்து, பதினைந்து கூடுவதைக் கைக்கடிகாரத்திலேயே பார்க்கலாம். மும்பையில் ஈரக்காற்றோடு, திரும்பி வரும்போது பெடர் சாலை மேடும் காத்திருக்கும். இந்த ஊர்களில் 4:30 ஓடியவர் தன்னைப் பெர்லினில் செப்டம்பர் காலையில் தட்டைச் சாலையில் 4:15 ஓடியவரோடு ஒப்பிட்டுத் தலைகுனிவது வீண். ஷிவ்நாத் சிங் 1978ல் ஜலந்தரில் ஓடிய 2:12:00 நாற்பது ஆண்டுக்கும் மேலாக நம் தேசிய சாதனையாக நின்றதற்குப் பல காரணங்கள் உண்டு. வேகமான பாதையும் குளிர்ந்த காலையும் நம் போட்டிகளில் அரிது என்பது அவற்றில் ஒன்று.

பாதையும் பாதையும் சமமல்ல என்பதைப் போட்டி விதிகளே ஒப்புக்கொள்கின்றன. ஜெஃப்ரி முட்டாய் 2011ல் பாஸ்டனில் 2:03:02 ஓடினார். அன்றுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. பாதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இறங்கிப் போவதால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சான்றிதழ் பெற்ற பாதையை அளவுத்திருத்தம் செய்த சைக்கிளில், வளைவுகளில் ஓரத்தை ஒட்டி அளப்பார்கள்; குறைந்துவிடக்கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். கூட்டத்தில் வளைந்து நெளிந்து ஓடுகிறவரின் கடிகாரம் 42.6 காட்டுவது பாதையின் குற்றமல்ல. கடிகாரம் 42.195 காட்டிய கணத்தில் ஸ்ட்ராவா செயலியில் பதிவாகும் நேரத்தைத் தன் 'பிபி' (தன் மிகச்சிறந்த நேரம்) என்று சொல்வது வேண்டுமானால் குற்றம்.

கார்பன் தகடு ஷூக்கள் 2017க்குப் பிறகு நேரங்களைக் குறைத்திருக்கின்றன. எனவே பத்தாண்டுக்கு முந்தைய தன் நேரத்தோடு ஒப்பிடுகிறவரும் ஷூவைக் கவனிக்க வேண்டும். நினைவை நம்பி ஒப்பிடுவது இன்னும் ஆபத்து. 2012ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயன், இரண்டு மணி ஐம்பது நிமிடச் சொச்சத்தில் மராத்தான் ஓடியதாக வானொலியில் சொன்னார். பத்திரிகையாளர்கள் தேடிப்பிடித்த 1990ஆம் ஆண்டுப் பதிவு 4:01:25. ஓடாதவர்களுக்கு அது சாதாரண மறதி. ஓடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள், ஏனென்றால் தன் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மறக்கும் ஓட்டக்காரரை அவர்கள் கண்டதில்லை.

ஒப்பீட்டைக் குறைக்க முயன்றவர்களும் உண்டு. 2004 அக்டோபரில் லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன், இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் இலவசமாக நடக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் உண்டு. 2024 பிப்ரவரியில் அதன் தளத்திலிருந்து பாதைச் சாதனைப் பட்டியல்களை நீக்கினார்கள். புதியவர்களை அவை அச்சுறுத்துகின்றன என்பது காரணம். எதிர்ப்பும் எழுந்தது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். எண்ணை மறைத்தால் ஒப்பீடு நிற்காது. ஆதாரமில்லாத ஒப்பீடாக மாறும். பார்க்ரனும் ஒவ்வொருவரின் நேரத்தையும் வயதுவாரிச் சதவீதத்தையும் இன்றும் வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நாலரை மணி நேரம் நல்ல நேரமா என்ற கேள்விக்கு என் பதில்: முடித்தவர் நாற்பது வயதுக்காரர், ஓடியது சென்னையில், வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் பயிற்சி என்றால், நல்ல நேரம். உலக சராசரியை ஒட்டி, அந்தச் சராசரி பெற்றிராத வெக்கையில் ஓடியிருக்கிறார். இதைவிடத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால் நம் ஊர்ப் போட்டிகளின் தரவு வேண்டும். சென்னை, கோவை, மதுரை என்று ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிப் எண்ணைப் போட்டால் சான்றிதழ் வரும் வசதி மட்டும் போதாது. தொடங்கியவர் எத்தனை பேர், முடிக்காதவர் எத்தனை பேர், வயது, பால் வாரியாக நேரங்கள், அன்று காலை மணிக்கு மணி வெப்பநிலையும் ஈரப்பதமும் என்று முழுப் பட்டியலையும் பெயர்களை நீக்கிவிட்டு ஒரே கோப்பாக ஆண்டுதோறும் பொதுவில் வையுங்கள். டைமிங் சிப் வைத்து எடுத்த தரவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.